ஆவூர்ச் சாமியார்களின் புள்ளிக் கணக்கு

திருச்சிக்குத் தெற்கே, புதுக்கோட்டை மாவட்டத்தின் வட ஓரத்தில் இருக்கிறது ஆவூர். ஈஸ்டரை ஒட்டி நடக்கும் பாஸ்கா நாடகத்துக்கும் தேருக்கும் எல்லாச் சாதி சமயத்தாரும் வந்து கூடுவார்கள். இங்கே முதல் கோயிலைக் கட்டியவர் ழான் வெனான்ஸ் பூஷே என்ற பிரெஞ்சுக்காரர், இயேசு சபைக் குரு. ஆண்டு 1697. (சில சுற்றுலாக் குறிப்புகளில் இது 1547 என்று அச்சாகி, அப்படியே கைமாறி வருகிறது. பூஷே பிறந்ததே 1655இல்!) புதிய பெரிய கோயில் 1747இல் எழுந்தது. வீரமாமுனிவரும் இந்த ஊரில் பணியாற்றியவர்.

இந்தச் சாமியார்களுக்கு நாள் முழுக்க வேலை. பூசை, பாவசங்கீர்த்தனம், ஞானஸ்நானம், கல்யாணம், சாவு, இடையிடையே ஊர் வழக்கு. இவர்கள் பணியாற்றிய மதுரை மிஷனுக்குப் பெயர்தான் மதுரை. அதன் எல்லை கொள்ளிடத்தைத் தாண்டி வடக்கே போனது. ஒரு பங்கிலிருந்து இன்னொன்றுக்குப் போய்வருவதிலேயே நாள்கள் கழியும். இத்தனைக்கும் நடுவே எழுதியிருக்கிறார்கள். ஆண்டுதோறும் மேலிடத்துக்கு அறிக்கைக் கடிதம் போக வேண்டும் என்பது சபை விதி. அது போக, சொந்தக் கடிதங்கள். இந்தியாவில் நீதி எப்படி வழங்கப்படுகிறது என்று பூஷே 1714இல் பிரான்சுக்கு எழுதிய நீண்ட கடிதத்தை ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள்.

வீரமாமுனிவர் கதை இன்னும் வியப்பு. இத்தாலியில் 1680இல் பிறந்தவர், மதுரை மிஷனுக்கு வந்தது 1711இல். தேம்பாவணிக் காப்பியத்தை முடித்தது 1726 என்பார்கள். மொத்தம் 3,615 பாடல். பதினைந்து ஆண்டுக்குப் பரப்பிப் பார்த்தால் மூன்று நாளைக்கு இரண்டு பாட்டுதான் வருகிறது. அடடா, இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அந்தப் பதினைந்து ஆண்டில் முதல் வேலையாகத் தமிழையே படிக்க வேண்டியிருந்தது. தேம்பாவணிக்குப் பிறகும் கை நிற்கவில்லை. பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் ஒரு இலக்கணம் 1728இல், தொன்னூல் விளக்கம் 1730இல், சதுரகராதி 1732இல்.

மேதைக்கு இதெல்லாம் வரும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். நான் அப்படி நகர விரும்பவில்லை. ஏனென்றால் இந்த மனிதர்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு பயிற்சி இருந்தது. அதை இன்றைய உளவியல் ஆய்வோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் திகைப்பாக இருக்கிறது.

இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியாரின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ 1548இல் அச்சானது. சபையில் சேருகிறவர் தொடக்கத்திலேயே முப்பது நாள் ஒதுங்கியிருந்து இந்தப் பயிற்சியைச் செய்தாக வேண்டும். அதில் ஒரு பகுதி, தன்னிடம் இருக்கும் ஏதாவது ஒரு குறையை, ஒன்றே ஒன்றை, எடுத்துக்கொண்டு ஒழிப்பது எப்படி என்பது. காலையில் எழுந்ததும் அந்தக் குறையை நினைத்துக்கொள்ள வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒருமுறை, இரவு சாப்பாட்டுக்குப் பின் ஒருமுறை, மணிக்கு மணி பின்னோக்கிப் பார்த்து, எத்தனை முறை தவறினோமோ அத்தனை புள்ளி வைக்க வேண்டும். காகிதத்தில் நாளுக்கு இரண்டு கோடு: ஒன்று மதியத்துக்கு, ஒன்று இரவுக்கு. ஏழு நாளுக்கு ஏழு இணை. கீழே வரவர கோடு குட்டையாகிக்கொண்டே போகும். புள்ளி குறைந்துகொண்டு வரும் என்ற எதிர்பார்ப்பை வரைபடத்திலேயே வைத்துவிட்டார். மதியத்தை இரவோடு, நேற்றை இன்றோடு, போன வாரத்தை இந்த வாரத்தோடு ஒப்பிட வேண்டும். தவறும் அந்தக் கணத்திலேயே நெஞ்சில் கையை வைத்துக்கொள்ள வேண்டும் என்று இன்னொரு குறிப்பு. நாலு பேர் நடுவில் இருந்தாலும் ஒருவருக்கும் தெரியாமல் இதைச் செய்துவிடலாம் என்று அவரே சேர்த்துச் சொல்கிறார். எவ்வளவு நடைமுறை தெரிந்த ஆள் பாருங்கள்.

பழக்கத்தைக் கண்காணிக்கும் செயலிகளைக் கைபேசியில் இறக்கிக்கொண்டு கட்டம் கட்டமாகப் பச்சை அடிக்கிறோமே, அதற்கும் இதற்கும் 450 ஆண்டு இடைவெளி. ஒரு வித்தியாசம் உண்டு: செயலி வெற்றியை எண்ணுகிறது, இஞ்ஞாசியார் தவறை எண்ணினார். மற்றபடி தத்துவம் ஒன்றே. அது வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு 2016இல் ஒரு பெரிய விடை வந்தது. பிரிட்டனின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஏற்கெனவே நடந்த 138 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். ஏறத்தாழ 20,000 பேர். தன் முன்னேற்றத்தைத் தானே கவனித்து வருகிறவர்கள் இலக்கை எட்டுவது கூடுதல் என்று தெரிந்தது. கவனித்ததை மனத்தோடு வைத்துக்கொள்ளாமல் எழுதி வைத்தாலோ, பிறரிடம் சொன்னாலோ பலன் இன்னும் கூடியது.

சரி, பழக்கம் என்பது மூளைக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது? அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆன் கிரேபியல் குழுவினர் எலிகளை வைத்துப் பார்த்தார்கள்; 1999இல் முடிவு வெளியானது. ஆங்கில ‘டி’ எழுத்து வடிவில் ஒரு பாதை. கதவு திறக்கும், எலி ஓடும், ஒரு ஒலி கேட்கும், அதற்கேற்ப இடமோ வலமோ திரும்பினால் சாக்லேட் சுவையில் தீனி. மூளையின் அடியில் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி இருக்கிறது. ஆரம்ப நாள்களில் எலி ஓடும் நேரம் முழுக்க அங்கே நரம்பணுக்கள் துடித்துக்கொண்டே இருந்தன. பழகப் பழக, நடுவில் அந்தத் துடிப்பு அடங்கிவிட்டது. ஓட்டத்தின் தொடக்கத்தில் ஒரு துள்ளல், முடிவில் ஒரு துள்ளல், அவ்வளவுதான். மொத்த ஓட்டத்தையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு வைத்துவிட்டது மூளை. தொடக்க முடிச்சை அவிழ்த்தால் போதும், மீதி தானாக நடக்கும்.

அந்தத் தொடக்க முடிச்சு பெரும்பாலும் நம் மன உறுதியில் இருப்பதில்லை. இடத்திலும் வேளையிலும் இருக்கிறது. பழக்கங்களைப் பற்றிப் பல காலம் ஆராய்ந்தவர் வெண்டி வுட். அவரும் சகாக்களும் மாணவர்களை மணிக்கு ஒருமுறை, அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள், என்ன நினைக்கிறார்கள் என்று குறித்து வைக்கச் சொன்னார்கள். அன்றாடச் செயல்களில் 43 விழுக்காடு, ஏறக்குறைய தினமும் அதே இடத்தில், மனம் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருக்கையில் நடப்பவை என்று தெரிந்தது. அவர்களுடைய இன்னொரு ஆய்வு, ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வேறொன்றுக்கு மாறிய மாணவர்களைப் பற்றியது. செய்தித்தாள் படிப்பது, டி.வி. பார்ப்பது, உடற்பயிற்சி செய்வது ஆகிய பழக்கங்கள் புதிய ஊரில் நீடித்தனவா? சூழ்நிலை பழையபடியே அமைந்த இடத்தில் நீடித்தன. இடம் மாறியதும் பழக்கம் கழன்றுவிட்டது, பலருக்கு.

இதற்கு எலியும் வேண்டாம், அமெரிக்காவும் வேண்டாம். நம் வீட்டு அடுப்படிச் சுவரைப் பாருங்கள். மாதக் காலண்டர் தொங்கும். அதன் ஆணியிலேயே நூல் கட்டிய பேனா ஒன்றும் தொங்கும். தேதிக் கட்டத்துக்குள் பொடி எழுத்தில் ‘1½’, ‘1’, ‘இல்லை’. பால் கணக்கு. ‘எழுத எனக்கு எங்கே நேரம்’ என்று சொல்லும் அதே அம்மா இருபது வருஷமாக ஒருநாள் தவறாமல் எழுதி வருகிறார். காய்ச்சல் கண்ட நாளிலும் எழுதினார், தீபாவளியன்றும் எழுதினார். அவருக்கு யாரும் ஊக்க உரை ஆற்றவில்லை. பால் வந்தது, பேனா எட்டும் தூரத்தில் இருந்தது, எழுத வேண்டிய இடம் கண்ணுக்கு நேரே இருந்தது. இந்த மூன்றும் அமைந்த இடத்தில் எழுத்து நடந்தே தீரும். நாம் ஐந்நூறு ரூபாய்க்கு அழகான டைரி வாங்கி, அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, மன உறுதி போதவில்லை என்று நொந்துகொள்கிறோம்.

எத்தனை நாளில் பழக்கம் படியும் என்பது அடுத்த கேள்வி. இருபத்தோரு நாள் என்று மேடைப் பேச்சாளர் முதல் வாட்ஸ்அப் வரை எல்லாரும் சொல்கிறார்கள். இதன் வேர் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர் 1960இல் எழுதிய புத்தகத்தில் இருக்கிறது. முகம் மாற்றிக்கொண்ட நோயாளிகள் புதிய முகத்துக்கு மனத்தளவில் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அவர் கண்டார். அவர் எழுதிய ‘குறைந்தது’ வழியில் உதிர்ந்துவிட்டது. முகத்தைப் பற்றிச் சொன்னது எல்லாவற்றுக்கும் விதியாகிவிட்டது.

அளந்து பார்த்தவர் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் ஃபிலிப்பா லாலி. அவர் குழுவின் ஆய்வு 2010இல் அச்சானது. 96 பேர், 84 நாள். ஒவ்வொருவரும் ஒரு சிறு செயலைத் தேர்ந்துகொண்டு, தினமும் வரும் ஏதாவது ஒரு வேளையோடு கட்ட வேண்டும்: காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு தம்ளர் தண்ணீர், இரவுச் சாப்பாட்டுக்கு முன் பதினைந்து நிமிட ஓட்டம், இப்படி. செயல் எவ்வளவு தூரம் தானாக நடக்கிறது என்று தினமும் மதிப்பெண் போட வேண்டும். மதிப்பெண் ஏறி ஏறி ஓரிடத்தில் நிலைக்கும். அங்கே பழக்கம் படிந்துவிட்டதாகக் கணக்கு. அந்த நாள்களின் நடு எண் 66. ஆனால் ஆளுக்கு ஆள் 18இலிருந்து 254 வரை விரிந்தது. ஆய்வு நடந்ததே 84 நாள்தான் என்பதால், 254 என்பது வளைகோட்டை நீட்டிக் கணித்தது. தெளிவான வளைகோடு கிடைத்ததும் 39 பேருக்குத்தான். ஆக, 66ஐயும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஆய்வின் இன்னொரு முடிவு: நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் பழக்கம் படிவது கெட்டுவிடவில்லை. மறுநாள் தொடர்ந்தால் வளைகோடு பழையபடியே ஏறியது.

தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சி இழுத்துக்கொண்டே போனது. அப்படியானால் எழுத்து? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தினமும் எழுதி வந்தால் ஒருநாள் எழுத்து தானாகக் கொட்டும் என்று நம்புகிறார்கள். கொட்டாது. உளவியலார் இப்போது பழக்கத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்: ஒரு செயலில் இறங்குவது ஒன்று, அந்தச் செயலைச் செய்து முடிப்பது வேறொன்று. நாற்காலியில் உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றுவது வரைக்கும் பழக்கமாகும். அதற்கப்புறம் வரும் வாக்கியம் ஒவ்வொரு நாளும் புதுப் பிரசவம்தான். நாற்பது ஆண்டு எழுதியவருக்கும் அப்படியே. உட்காருவதையே தினமும் விவாதித்துக்கொண்டிருந்தால், வாக்கியத்துக்கு வேண்டிய தெம்பு அங்கேயே செலவாகிவிடும். பழக்கம் மிச்சப்படுத்திக் கொடுப்பது அந்தத் தெம்பை.

‘எண்ணம் வந்தால் எழுதுவேன்’ என்பவர்களுக்கு ஒரு பழைய பரிசோதனை. ராபர்ட் பாய்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983இல் வெளியிட்டது. எழுத முடியவில்லை என்று புலம்பிய பேராசிரியர்கள் 27 பேர், மூன்று குழு. ஒரு குழு பத்து வாரம் அவசரமில்லாத எழுத்து எதையும் தொடக் கூடாது. இன்னொரு குழு மனம் வந்தபோது எழுதலாம். மூன்றாம் குழுவின் பாடுதான் பாடு: குறித்த நேரத்தில் உட்கார்ந்து குறித்த பக்கம் எழுதியாக வேண்டும், தவறினால், அவர்களுக்கு அறவே பிடிக்காத ஒரு அமைப்புக்கு, முன்பே கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்த காசோலை தபாலில் போய்விடும்! மூன்றாம் குழு நாளுக்குச் சராசரி 3.2 பக்கம் எழுதியது. மனம் வந்தபோது எழுதியவர்கள் 0.9. தொடாமல் இருந்தவர்கள் 0.2. இதில் அதிசயம் இல்லை. புதிய எண்ணங்களையும் அவர்களைக் குறிக்கச் சொல்லியிருந்தார் பாய்ஸ். எழுதாமல் இருந்து எண்ணத்தைச் சேமித்தவர்களுக்கு ஐந்து நாளைக்கு ஒன்று வந்தது. மனம் வந்தபோது எழுதியவர்களுக்கு இரண்டு நாளைக்கு ஒன்று. காசோலைக்குப் பயந்து எழுதியவர்களுக்குத் தினம் ஒன்று. சின்னக் குழுக்கள்தான், இதை வைத்துச் சட்டம் போட முடியாது. ஆனால் எண்ணம் முன்னால் வரும், எழுத்து பின்னால் வரும் என்ற நம் நம்பிக்கையை இது தலைகீழாகப் புரட்டிவிடுகிறது.

நம்மவர்களுக்கு அந்தக் காசோலையின் வேலையைப் பத்திரிகை செய்திருக்கிறது. உ.வே.சாமிநாதையர் எண்பது வயதைத் தாண்டி, ஆனந்த விகடனில் வாரா வாரம் ‘என் சரித்திரம்’ எழுதினார். 1940இல் தொடங்கி 1942இல் காலமாகும் வரை. வாரக் கெடு இல்லாதிருந்தால் அந்தப் புத்தகம் நமக்குக் கிடைத்திருக்குமா என்பதே சந்தேகம். கல்கி, பத்திரிகையை நடத்திக்கொண்டே பொன்னியின் செல்வனை மூன்றரை ஆண்டு வாரந்தோறும் கொடுத்தார். ஜெயமோகன் 2014 ஜனவரி 1இல் தொடங்கிய ‘வெண்முரசு’ நாளுக்கு ஒரு அத்தியாயமாக வெளியாகி, 2020 ஜூலையில் 26 நாவல்களாக முடிந்தது. நாளை காலை படிக்க ஆள் காத்திருக்கிறது என்பதைவிடப் பெரிய காசோலை எது?

இடைஞ்சலைப் பற்றிப் பேசாமல் முடியாது. குக்கர் மூன்றாவது விசில் அடிக்கிறது, பிள்ளை கணக்கில் சந்தேகம் கேட்கிறது, சிலிண்டர்காரர் மணி அடிக்கிறார். திரும்பி வந்து உட்கார்ந்தால் வாக்கியம் எங்கே போயிற்று? சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் இதை ஆராய்ந்தார். முடிக்காத வேலையை விட்டு அடுத்ததற்குத் தாவும்போது, கவனம் முழுதாக நம்மோடு வருவதில்லை. ஒரு பங்கு பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பின்னாளில் அவரும் தெரசா குளோமும் இதற்கு ஒரு எளிய மருந்தைச் சோதித்தார்கள். எழுந்து போகும் முன் ஒரு நிமிடம் எடுத்து, எங்கே நிற்கிறோம், திரும்பி வந்ததும் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று குறித்துவிட்டுப் போவது. அப்படிச் செய்தவர்களின் மனம் பழைய வேலையை விட்டுவிட்டு அடுத்ததில் நன்றாகப் படிந்தது. வீட்டில் இருந்து எழுதுகிறவர்களுக்கு இதைவிட உபயோகமான ஆய்வை நான் பார்க்கவில்லை. ‘அடுத்து: கிணற்றடியில் அத்தை சொன்னது’ என்று ஓரத்தில் கிறுக்கிவிட்டுப் போய்க் கதவைத் திறக்கலாம்.

கைபேசி? அது மேசையில் கவிழ்ந்து கிடந்தாலே கவனம் குறைகிறது, வேறு அறையில் இருந்தால் கூடுகிறது என்று டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய 800 பேரிடம் நடத்திய ஆய்வு 2017இல் சொன்னது. பிறகு அதை மறுபடி செய்து பார்த்தவர்களில் சிலருக்கு அதே முடிவு கிடைக்கவில்லை. விவகாரம் இன்னும் தீரவில்லை. தீரும் வரை போன் அடுத்த அறையில் இருப்பதால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

இதையெல்லாம் ஒரே ஆளிடம் பார்க்க வேண்டுமானால், வீரமாமுனிவரின் காலத்திலேயே புதுச்சேரியில் ஒருவர் இருந்தார். ஆனந்தரங்கப் பிள்ளை. வியாபாரி, பிறகு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளர். கப்பல் வந்தால் சரக்கு பார்க்க வேண்டும், ஆளுநர் கூப்பிட்டால் போக வேண்டும், கடன்காரன், ஜோசியர், உறவுக்காரர், உளவாளி என்று வாசலில் ஆள் ஓயாது. எழுதச் சாவகாசம் இல்லாத மனிதர் என்றால் அவர்தான். 1736 செப்டம்பர் 6 அன்று நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தார். தமிழ் வருஷம், மாதம், தேதி, கிழமை போட்டுத் தொடங்குவார். அன்றைக்கு யார் வந்தார், என்ன விலை, ஆளுநர் என்ன சொன்னார், தான் சொன்ன பதில் என்ன என்று போகும். தன்னுடைய பாக்குக் கிடங்கில் போய் உட்கார்ந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஊர்ச் சேதி அவரைத் தேடி வந்த இடம் அது. தேதி போட்டாகிவிட்டால் சேதி எழுதியே ஆக வேண்டும். தொடக்க முடிச்சு அந்தத் தலைப்புதான் என்பது என் ஊகம்.

இருபத்து நான்கு ஆண்டுக்கு மேல் எழுதினார். 1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்த அதே மாதம், காலமானார். சில பகுதிகள் அவர் கைப்பட எழுதியவை, சில சொல்லி எழுதச் செய்தவை. எல்லா நாளும் அதில் இல்லை. நாள்கணக்கில் விட்டுப்போன இடைவெளிகள் உண்டு. சென்னை அரசு அதை ஆங்கிலத்தில் பெயர்த்து 1904 முதல் 1928 வரை அச்சிட்டது. பன்னிரண்டு தொகுதிகள் ஆயின.